பார்வை: ஒச்சப்பன்

பாதிப் பேர் வந்தால் போதும் என்று ஆணை வந்தது.
எந்தப் பாதி என்பதை
நான்தான் தட்டச்சு செய்தேன்.
வராத நாளில்
தொலைபேசி எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்
என்பது கடைசி வரி.
அதற்குக் கீழே, தொடர்புக்கு, என் எண்.

செல்லம்பட்டி ஒன்றிய அலுவலகத்தில்
விடுப்பும் பணிப்பதிவேடும் என் பிரிவு.
முப்பது வருடத்துக் காய்ச்சல்கள்
பச்சை மையில் கையெழுத்தாகி
என் இரும்பு அலமாரியில் இருக்கின்றன.
அவற்றில் ஒன்பது கோப்பை
ஜவுளிக்கடை மஞ்சள் பையில் போட்டு
வண்டியில் மாட்டிக்கொண்டு வீடு வந்தேன்.
கிரைண்டர் மேடை மேசையானது.
ஓய்வூதியக் கருத்துரு ஒன்றின் மேல்
இன்னும் உளுந்து மாவு ஒரு துளி
காய்ந்திருக்கிறது.

மூன்றாம் வாரம் எனக்கே நூற்றிரண்டு.
பெருங்காய டப்பாவை முகர்ந்தேன்; வெறும் தூள்.
மேலாளர் அழைத்தார்.
"வீட்லதானம்மா இருக்கீங்க,
அந்த நிலுவைப் பட்டியல மட்டும்..."
அனுப்பினேன்.
ஊருக்கெல்லாம் விடுப்பு எழுதிய கைக்கு
தனக்கு ஒரு நாள் எழுதத் தோன்றவில்லை.
அலுவலகத்தில் படுத்தால் நோயாளி.
வீட்டில் படுத்தால்
பணியில் இருக்கிறேன்.

சொல்ல வந்தது இதையல்ல.
ஒச்சப்பனைப் பற்றி.

இரவுக் காவலர்.
அதே வாரம் அவர் மனைவி மொக்கத்தாயைத்
தோப்பூர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனார்கள்.
வாசலில் தகரம் வைத்து அடித்தார்கள்.
இவருக்கும் உடம்பு கொதித்தது.
இவர் மூக்கில் எடுத்த சளி மட்டும்
யார் பேரிலோ எந்த ஊருக்கோ போய்விட்டது,
காகிதம் வரவே இல்லை.
காகிதம் இருந்தால் சிறப்பு விடுப்பு.
இல்லையென்றால் பணிக்கு வர வேண்டும்.
தகரத்தைப் பற்றி ஆணையில் ஒன்றும் இல்லை.

அன்றிரவு பத்து மணிக்கு என் எண் அடித்தது.
"மேடம், எங்க மொட்டமாடிலருந்து ஆபீசு தெரியுது.
புளியமரத்துக்கு இந்தப்பக்கம் லைட்டு எரியுது.
ஜீப்பு நிக்கிது.
எல்லாரும் வீட்லருந்து வேல பாக்குறீகள்ல,
நானும் பாத்துக்கிறேன்."

பத்துக்கு ஒன்று. பன்னிரண்டுக்கு ஒன்று.
இரண்டரைக்கு ஒன்று.
"நாய் ஒண்ணு உள்ள போயிருக்கு மேடம்."
"கரண்டு போச்சு... இருங்க... வந்துருச்சு."
இருமலுக்கும் இருமலுக்கும் நடுவே
அரசாங்கத்தின் ஒரு ஜீப்பை
பதினான்கு இரவு காத்தார்.
தூக்கமில்லாமல் கிடந்த நான்
அடுத்த மணிக்காகக் கிடந்தேன்.

ஒன்பதாம் இரவு
இரண்டரைக்கு அடிக்கவில்லை.
மூன்றானது. நானே அழைத்தேன்.
"தோப்பூர்லருந்து போன் வந்துச்சு மேடம்,
அதுல இருந்துட்டேன்.
கஞ்சி குடிச்சிருக்கா."
கொஞ்சம் பேசாமல் இருந்தார்.
"இங்க ஒண்ணுமில்ல. லைட்டு எரியுது."

அலுவலகம் முழுதாகத் திறந்ததும்
அவருடைய பதினான்கு நாளும் என் மேசைக்கு வந்தன.
குறிப்பு வைத்தேன்:
மேற்படி நாள்களில் இவர்
தம் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பணிபுரிந்துள்ளார்.
சான்றாக அழைப்புப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது.
வந்தவை நாற்பத்தொன்று.
போனது ஒன்று.

மேலாளர் நல்லவர். இரண்டு நாள் வைத்திருந்தார்.
பிறகு ஓரத்தில், சிவப்பில்:
'காவலர் தொலைவிலிருந்து காக்க
விதி உண்டா? விவாதிக்கவும்.'
விவாதித்தோம். டீ ஆறியது.
விதி இல்லை.

ஈட்டிய விடுப்பில் பதினான்கைக் கழித்து
பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினேன்.
முழுப் பெயரையும் எழுதி, புள்ளி வைத்து,
பேனாவை மூடிக் கொடுத்தார்.
"பின்பக்க ஜன்னல் கொக்கி சரியில்ல மேடம்.
காத்தடிச்சா தானா தொறக்குது.
கிட்ட இருந்தா தெரியல,
மாடிலருந்து பாத்தாத்தான் தெரியுது."

பழுதுநீக்கத்துக்குப் புதுக் கோப்பு திறந்தேன்.
பொருள்: ஜன்னல்.
பார்வை என்ற இடத்தில்
ஆணை எண்ணோ கடித எண்ணோ எழுத வேண்டும்.
ஒச்சப்பன், மொட்டைமாடி, இரவு
என்று எழுதினேன்.
இன்னும் யாரும் அடிக்கவில்லை.